ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி 1.6 என்று வந்திருக்கிறது. இதை நம்புவதா?

தூக்கமில்லாதவன்

முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்று எடுத்தேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பார்க்கும் வழக்கமான சமாச்சாரம்தான். "பால்வினை நோய்ப் பேனலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்" என்றார்கள். சரி, எடுப்பது எடுக்கிறோம், அதுவும் இருக்கட்டும் என்று தலையாட்டிவிட்டேன். மற்றதெல்லாம் நார்மல். கடைசிப் பக்கம் மட்டும் இப்படி (ஹெச்எஸ்வி என்றால் ஹெர்பீஸ் வைரஸாம், 1, 2 என்று இரண்டு வகை):

ஹெச்எஸ்வி-1 ஐஜிஜி: 28.4, பாசிட்டிவ்
ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி: 1.6, பாசிட்டிவ்
ஹெச்எஸ்வி 1/2 ஐஜிஎம்: 1.2, பாசிட்டிவ்

கீழே பொடி எழுத்தில் 0.90க்குக் கீழ் நெகட்டிவ், 1.10 முதல் பாசிட்டிவ், நடுவில் இருப்பது சந்தேகம் என்று போட்டிருக்கிறது.

எனக்குக் கொப்புளம், புண், எரிச்சல் என்று எதுவும் வந்ததே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு உறவு இருந்தது, மனைவிக்கும் அது தெரியும். ஆனால் ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் சமீபத்தில் தொற்றியது என்று எங்கேயோ படித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கேட்டதற்குப் பதில் என்ற அளவில்தான் ஓடுகிறது. அவளும் போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். அவளுக்கு 1 பாசிட்டிவ், 2 நெகட்டிவ். லேப்புக்குப் போன் செய்தால் "டாக்டரைப் பாருங்கள் சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

28.4 என்றால் உடம்பில் அவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமா? 1.6ஐ என்னவென்று எடுத்துக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காற்றாடி

நண்பரே, வருத்தப்படுத்த வேண்டும் என்று எழுதவில்லை. பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகள். ஐஜிஎம் முதலில் வரும், பிறகு மறையும். ஐஜிஜி தாமதமாக வந்து நிலைக்கும். உங்களுக்கு ஐஜிஎம் இருக்கிறது, ஐஜிஜி இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது. அப்படியென்றால் புதுத் தொற்று. உங்கள் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

லேப்கோட்டு

காற்றாடி, கொஞ்சம் பொறுங்கள். ஒரு குடும்பத்தைக் கலைக்கிற அளவுக்கு அந்த ஐஜிஎம் பரிசோதனை பெரிய சாட்சி இல்லை.

நான் நோய் எதிர்ப்பியல் பிரிவில் வேலை பார்ப்பவன். இந்தக் கிட்டுகளைக் கையில் எடுத்து ஓட்டுவதுதான் என் பிழைப்பு. பாடப்புத்தகத்து வரைபடம் சரிதான், ஆனால் ஹெர்பீஸ் அதற்கு அடங்காது. இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கிடக்கிறது. அவ்வப்போது எழுந்திருக்கும்போது ஐஜிஎம் மறுபடி தலைகாட்டலாம். பத்து வருடப் பழைய தொற்றிலும் வரும், உதட்டோரம் ஒரு கொப்புளம் வந்து போனாலும் வரும். அதோடு ஐஜிஎம் பரிசோதனையால் 1 எது, 2 எது என்று பிரிக்க முடியாது. ரிப்போர்ட்டில் "1/2" என்று சேர்த்துப் போட்டிருப்பது அதனால்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஹெர்பீஸுக்கு ஐஜிஎம் எடுக்கவே வேண்டாம் என்று தன் வழிகாட்டியில் வெளிப்படையாகச் சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் பேனலில் அதை ஏன் சேர்க்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். வியாபாரப் பிரிவைக் கேளுங்கள்.

தூக்கமில்லாதவன், அந்த ஐஜிஎம் வரியைப் பேனா எடுத்து அடித்துவிடுங்கள். பேச வேண்டியது 1.6ஐப் பற்றி.

தூக்கமில்லாதவன்

அடித்துவிட்டேன். மனைவியிடமும் உங்கள் பதிவைக் காட்டினேன். "யாரோ பெயர் தெரியாத ஆள் எழுதியது" என்றாள், ஆனால் முழுக்கப் படித்தாள். 1.6ஐப் பற்றிச் சொல்லுங்கள்.

லேப்கோட்டு

அவர் சொல்வது நியாயம். என்னை நம்ப வேண்டாம், சிடிசியின் 2021 வழிகாட்டியில் ஹெர்பீஸ் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இப்போது 1.6.

முதலில் இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் ஹெச்எஸ்வி-2இன் கிளைக்கோபுரதம்-ஜி என்ற ஒரே ஒரு புரதத்தைப் பூசியிருப்பார்கள். 1, 2 இரண்டுக்கும் பெரும்பாலான புரதங்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போகும். இந்த ஜி மட்டும் வெகுவாக வேறுபடும், அதனால்தான் வகை பிரிக்க அதைப் பிடித்தார்கள். உங்கள் சீரத்தை, அதாவது ரத்தத்தில் செல்களை நீக்கிய தெளிநீரை, நீர்க்கவைத்து குழியில் விடுவோம். அதற்கான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கழுவுவோம். மனித ஐஜிஜியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை நொதி கட்டி விடுவோம். மறுபடி கழுவுவோம். சாயம் விட்டால் நீலம் ஏறும், அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று கருவி படிக்கும். கூடவே கிட் கம்பெனி கொடுத்த ஒரு அளவுகோல் திரவத்தையும் இதே மாதிரி ஓட்டியிருப்போம். உங்கள் மஞ்சளை அதன் மஞ்சளால் வகுத்தால் வருவதுதான் இன்டெக்ஸ்.

ஆக 1.6 என்றால் அளவுகோலைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் அதிக மஞ்சள். அவ்வளவுதான். அது வைரஸ் எண்ணிக்கை இல்லை, நோயின் தீவிரம் இல்லை, எப்போது வந்தது என்ற தேதியும் இல்லை. 28.4க்கும் இதே பதில். உங்களுக்கு ஹெச்எஸ்வி-1 நிச்சயம் இருக்கிறது என்பதைத் தவிர அந்த எண் வேறு எதையும் சொல்லவில்லை. 28 உள்ளவருக்கு ஆயுசுக்கும் ஒரு கொப்புளம் வராமல் போகலாம், 6 உள்ளவருக்கு மாதம் ஒன்று வரலாம்.

இனி விஷயத்துக்கு. குழியில் ஒட்டுவதெல்லாம் சரியான ஆன்டிபாடி இல்லை. வேறு எதற்கோ உண்டான ஆன்டிபாடி அரைகுறையாக ஒட்டினாலும் லேசாக மஞ்சளாகும். இப்படி லேசாக ஒட்டியவை எல்லாம் வந்து சேரும் இடம்தான் 1.1 முதல் 3 வரையிலான பகுதி. அதுவும் ஹெச்எஸ்வி-1 உள்ளவர்களிடம் 2க்கு இப்படிப் பொய்யான லோ-பாசிட்டிவ் வருவது அதிகம். உங்கள் ரிப்போர்ட்டின் முகமே அதுதான்: 1 எகிறி நிற்கிறது, 2 கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்திருக்கிறது.

இன்டெக்ஸ் 3.0க்குக் கீழே வந்தால் வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்தாமல் முடிவு சொல்லக்கூடாது என்பது 2021 வழிகாட்டி. வாசலில் கட்டிய நாய் யார் வந்தாலும் குரைக்கும். வந்தவன் திருடனா, தபால்காரனா என்று எட்டிப் பார்ப்பது நம் வேலை. உங்கள் லேப் குரைத்ததோடு நிறுத்திவிட்டது.

எண்ணும்எழுத்தும்

லேப்கோட்டு சொன்னதற்குக் கொஞ்சம் கணக்கு சேர்க்கிறேன். எண் என்றால் ஓடுபவர்கள் அடுத்த பதிவுக்குத் தாவலாம்.

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கம்பெனி சொல்லும் கோட்டில் வைத்தால் பிரபலமான ஹெச்எஸ்வி-2 எலைசாவின் (லேப்கோட்டு சொன்ன குழித்தட்டுப் பரிசோதனை) உணர்திறன், அதாவது தொற்று உள்ளவரைப் பிடிக்கும் திறன், 99%, துல்லியம், அதாவது தொற்று இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன், 81% என்று வந்தது. 99 என்றதும் பிரமாதம் என்று தோன்றும். 81ஐத்தான் பார்க்க வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லாத 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 16 பேருக்கு உண்மையில் ஹெச்எஸ்வி-2 இருக்கிறது என்று வைப்போம். பரிசோதனை அந்த 16 பேரையும் ஏறக்குறைய முழுக்கப் பிடித்துவிடும். மீதி 84 பேருக்குத் தொற்று இல்லை. ஆனால் துல்லியம் 81 என்பதால் இந்த 84இல் 19 சதவீதத்தினர், அதாவது இன்னொரு 16 பேர், பாசிட்டிவ் சீட்டோடு வெளியே வருவார்கள். மொத்தம் 32 பாசிட்டிவ், அதில் பாதி பொய். காசு சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

தொற்று அரிதான கூட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். 100இல் 5 பேருக்குத்தான் இருக்கிறது என்றால் 5 உண்மை, 18 பொய். பாசிட்டிவ் என்று வந்த 23 பேரில் 18 பேர் சும்மாவே தூக்கம் கெட்டுத் திரிவார்கள். (தூக்கமில்லாதவன், உங்கள் பெயரை வைத்து விளையாடவில்லை.)

இது எல்லா பாசிட்டிவ்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. 1.6 போன்ற எண்ணுக்கு நிலைமை இந்தச் சராசரியைவிடக் கீழே. இன்டெக்ஸ் ஏற ஏற உண்மையாக இருக்கும் வாய்ப்பும் ஏறும். ஒரே "பாசிட்டிவ்" என்ற சொல்லை 1.2க்கும் 12க்கும் அச்சடிப்பதுதான் இங்கே கோளாறு.

நேர்ப்பேச்சு

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை போகிற திசை எனக்குப் பிடிக்கவில்லை. "பரிசோதனையே வேண்டாம்" என்பது போல் முடிகிறது. ஹெச்எஸ்வி-2 உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் 14 முதல் 49 வயதுக்குள் தொற்று உள்ளவர்களில் 100க்கு 87 பேருக்கு யாருமே சொன்னதில்லை. தெரியாதவரிடமிருந்துதான் பரவுகிறது. அறிகுறி இல்லாதவரும் வைரஸைச் சிந்துகிறார். எல்லோரும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? பொய் பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியதுதானே.

தோல்வைத்தியர்

நேர்ப்பேச்சு, நீங்கள் சொல்லும் தகவல்கள் சரி, முடிவில்தான் எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் தோல், பால்வினை நோய் பார்ப்பவன்.

அறிகுறி இல்லாமலும் வைரஸ் வெளிவரும் என்பது உண்மை. 2011இல் வந்த ஆய்வு ஒன்றில் ஹெச்எஸ்வி-2 உள்ளவர்கள் தினமும் தாங்களே பிறப்புறுப்புப் பகுதியில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி ஸ்வாப் எடுத்துக் கொடுத்தார்கள். அறிகுறி உள்ளவர்களிடம் 20% நாட்களில் வைரஸ் இருந்தது, அறிகுறியே தெரியாதவர்களிடம் 10% நாட்களில். ஆகவே உங்கள் கவலை வீண் இல்லை.

ஆனால் "உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த இரண்டாவது பரிசோதனைதான் கிடைப்பதில்லை. ஹெர்பீஸுக்கு அளவுகோலாக எல்லோரும் கைகாட்டுவது வெஸ்டர்ன் ப்ளாட். அதைச் செய்வது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். வைரஸின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வில் ஏற்றி, நோயாளியின் சீரம் எந்தெந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று பட்டை பட்டையாகப் படிக்கிறார்கள். ஒரே புரதத்தை நம்பாமல் முழு வரிசையையும் பார்ப்பதால் ஏமாறுவது குறைவு. ஆனால் தெருவுக்குத் தெரு செய்கிற வேலை இல்லை அது. சாம்பிளை அனுப்ப வேண்டும், செலவு, காத்திருப்பு. இதையெல்லாம் அறிகுறி இல்லாத கோடிக்கணக்கான பேருக்குச் செய்வது நடக்கிற காரியமா?

அதே பணிக்குழு 2016இலும், மறுபடி 2023இலும், அறிகுறி இல்லாத இளையோருக்கும் பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தப் பரிசோதனையைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னது இதை யோசித்துத்தான். எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் அதே குழு பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது, அதையும் கவனியுங்கள். ரத்தம் எடுப்பதற்கே அவர்கள் விரோதி இல்லை.

நான் எப்போது எழுதிக் கொடுப்பேன் என்றால்: துணைக்கு ஹெர்பீஸ் இருப்பது உறுதியாகி, இவருக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று தெரிய வேண்டும்போது. திரும்பத் திரும்ப ஏதோ வருகிறது, ஸ்வாப்பில் சிக்கவில்லை என்கிறபோது. முன்பு யாரோ கண்ணால் பார்த்து "ஹெர்பீஸ்" என்று சொல்லி, எந்தப் பரிசோதனையும் செய்யாமல் விட்டிருந்தால் அப்போதும். இங்கெல்லாம் பாசிட்டிவ் வந்தால் அதற்கு முன்பின் இருக்கிறது. பேக்கேஜில் ஓசியாக வந்த பாசிட்டிவுக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நேர்ப்பேச்சு

சரி, எல்லோருக்கும் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் கேட்பவருக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். பலமுறை டாக்டர்களே "உனக்கு எதுக்கு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பரிசோதனையின் குறையைச் சொல்லிவிட்டு முடிவை என்னிடம் விடுங்கள்.

தோல்வைத்தியர்

அதில் எனக்கு மறுப்பு இல்லை. சொல்லிவிட்டு எழுதிக் கொடுப்பேன். சொல்லாமல் எழுதுபவர்கள்தான் இந்த மாதிரி இழைகளைப் பிறப்பிக்கிறார்கள்.

பழையவன்

எனக்கு ஹெச்எஸ்வி-2 இருக்கிறது. சந்தேகம் கிடையாது, புண் வந்தபோதே ஸ்வாப் எடுத்து பிசிஆரில் (வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனை) உறுதியானது. இந்த மாதிரி இழைகளில் எல்லோரும் "பொய் பாசிட்டிவாக இருக்கட்டும் சாமி" என்று வேண்டுவதைப் படிக்கும்போது உண்மையான பாசிட்டிவ்காரனுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை, பழகிவிட்டது.

தூக்கமில்லாதவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வேளை நிஜமாகவே இருந்தாலும் தலை போகாது. முதல் வருடம் அடிக்கடி வந்தது, இப்போது எப்போதாவது. வருவதற்கு முதல் நாள் அந்த இடத்தில் ஒரு சுருக்கென்ற கூச்சம் தெரியும், அப்போதே மாத்திரை ஆரம்பித்துவிடுவேன். என் துணைக்கு நெகட்டிவ். அவளிடம் முதலிலேயே சொன்னேன். தினமும் வாலாசைக்ளோவிர் என்ற ஹெர்பீஸ் மாத்திரை எடுக்கிறேன்.

மாத்திரையின் பலன் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: 2004இல் ஒரு பெரிய ஆய்வு, 1,484 தம்பதிகள். ஒருவருக்கு ஹெச்எஸ்வி-2 உண்டு, மற்றவருக்கு இல்லை. உள்ளவர் தினம் 500 மி.கி. வாலாசைக்ளோவிர் எடுத்தார். எட்டு மாதத்தில் மாத்திரை எடுத்த பக்கம் 1.9% பேருக்குத் தொற்றியது, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த பக்கம் 3.6%. கிட்டத்தட்டப் பாதி. அதோடு ஆணுறையும், வந்திருக்கும் நாட்களில் விலகலும் சேர்ந்தால் இன்னும் குறையும். மருந்து எடுக்காத பக்கத்திலேயே எட்டு மாதத்தில் 100இல் நான்கு பேருக்குக்கூடத் தொற்றவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆக, உங்கள் மனைவிக்கு நெகட்டிவ் வந்ததை வைத்து "அப்படியென்றால் எனக்கும் இல்லை" என்று முடிவு செய்ய முடியாது. வருடக்கணக்கில் ஒன்றாக இருந்தும் தொற்றாத ஜோடிகள் நிறைய.

தூக்கமில்லாதவன்

பழையவன், நன்றி. நான் எழுதிய விதத்தில் உங்களைப் போன்றவர்களைக் கீழே தள்ளுவது போல் இருந்திருந்தால் மன்னியுங்கள், அப்படி நினைக்கவில்லை. கடைசி விஷயத்தை நல்லவேளை சொன்னீர்கள், அவள் நெகட்டிவை வைத்துத்தான் நான் தைரியமாக இருந்தேன்.

அப்புறம், 1 பாசிட்டிவ் என்பதை யாரும் கண்டுகொள்ளவே இல்லையே? இரண்டு பேருக்கும் இருக்கிறது.

தோல்வைத்தியர்

கண்டுகொள்ள அதிகம் இல்லை என்பதால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64%, அதாவது 380 கோடி பேருக்கு ஹெச்எஸ்வி-1 உண்டு. பெரும்பாலும் சின்ன வயதில், உறவுக்காரர்கள் கொஞ்சும்போது வந்துவிடுகிறது. ஹெச்எஸ்வி-2 15 முதல் 49 வயதுக்குள் 52 கோடி பேரிடம், ஏறக்குறைய 13%.

ஹெச்எஸ்வி-1 பிறப்புறுப்பிலும் வரலாம், அது இப்போது பல நாடுகளில் கூடிக்கொண்டே வருகிறது. ஆனால் ஆன்டிபாடி ரத்தத்தில் சுற்றுவது. வைரஸ் வாயோரத்தில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இன்னொன்று, ஹெச்எஸ்வி-1 ஐஜிஜி பரிசோதனைக்கு வேறு விதமான பலவீனம் உண்டு. அதன் உணர்திறன் 70% சொச்சம்தான். உள்ள 10 பேரில் 3 பேரை விட்டுவிடும். அதாவது 2இன் பரிசோதனை இல்லாததை இருக்கிறது என்கிறது, 1இன் பரிசோதனை இருப்பதை இல்லை என்கிறது. ஒரே தாளில் இரண்டையும் அடுத்தடுத்து அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

ஏழாம்மாதம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், பயமாக இருக்கிறது. எனக்கு 7 மாதம். டார்ச் பேனல் (கர்ப்பிணிகளுக்குச் சில தொற்றுகளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொன்னார்கள். அதில் ஹெர்பீஸ் ஐஜிஎம் பார்டர்லைன், ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. வகை எதுவும் போடவில்லை, வெறும் "ஹெச்எஸ்வி" என்று இருக்கிறது. குழந்தைக்கு வந்துவிடுமா? இணையத்தில் படித்ததெல்லாம் கண்ணைக் கட்டுகிறது.

தோல்வைத்தியர்

அம்மா, முதலில் இணையத்தை மூடுங்கள், இந்தப் பதிவைப் படித்த பிறகு.

ஐஜிஎம் பற்றி மேலே லேப்கோட்டு எழுதியதே உங்களுக்கும் பொருந்தும். ஐஜிஜி பாசிட்டிவ், வகை பிரிக்காதது என்றால் உங்களுக்கு 1 இருக்கலாம், 2 இருக்கலாம். உலகில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வரக்கூடிய பதில் இது. பழைய தொற்று என்றால் உங்கள் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது, அது குழந்தைக்குப் பாதுகாப்பு.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் தாய்க்கு முதன்முதலாகப் பிறப்புறுப்பில் தொற்றினால், உடம்பு ஆன்டிபாடி உண்டாக்குவதற்குள் பிரசவம் வந்துவிடும். அப்போது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50%. பழைய தொற்று உள்ள தாய் என்றாலோ, கர்ப்பத்தின் முன்பாதியில் தொற்றியிருந்தாலோ 1%க்கும் கீழ். எவ்வளவு இடைவெளி பாருங்கள்.

உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: உங்களுக்கோ கணவருக்கோ எப்போதாவது பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ வந்திருக்கிறதா என்பது. உங்களுக்கு வந்திருந்தால் 36வது வாரம் முதல் மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள். கணவருக்கு உதட்டில் கொப்புளம் வரும் வழக்கம் இருந்து உங்களுக்கு இல்லையென்றால், இனி வரும் மாதங்களில் வாய்வழி உறவு வேண்டாம். குழந்தை பிறந்த பிறகு, உதட்டில் கொப்புளம் உள்ள யாரும், சொந்தப் பாட்டியே ஆனாலும், முத்தம் கொடுக்கக்கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஏழாம்மாதம்

இரண்டு பேருக்குமே அப்படி எதுவும் வந்ததில்லை சார். இவ்வளவு விளக்கமாக இதுவரை யாரும் சொல்லவில்லை. நன்றி. மாமியாரிடம் முத்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்பது தனிக் கவலை.

காற்றாடி

டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். எந்த வீட்டிலும் செல்லுபடியாகும்.

ஐஜிஎம் பற்றி நான் எழுதியதற்கு லேப்கோட்டு கொடுத்த பதிலை ஏற்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். இதே கிட்டில் மறுபடி எடுத்தால் தெரிந்துவிடாதா? அதற்கு ஏன் சியாட்டில் வரை போக வேண்டும்?

லேப்கோட்டு

நல்ல கேள்வி. பாதி தெரியும், பாதி தெரியாது.

1.1க்குப் பக்கத்தில் வந்த எண் என்றால் மறுபடி ஓட்டும்போது கீழே இறங்கிவிடுவது சகஜம். ஒரே சீரத்தைப் பக்கத்துப் பக்கத்துக் குழியில் விட்டாலே கொஞ்சம் முன்பின் வரும். ஆனால் வேறு ஆன்டிபாடி போய் ஒட்டுவதால் வந்த 1.6 என்றால், அந்த ஆன்டிபாடி அடுத்த மாதமும் உடம்பில் இருக்கும், அதே பிளாஸ்டிக்கில் அதே புரதத்தில் அதே மாதிரி ஒட்டும். மறுபடி 1.6, 1.7 என்று வரும். "இரண்டு தடவையும் பாசிட்டிவ், அப்போது உறுதி" என்று நினைத்துவிடுவார்கள். ஒரே சாட்சியை இரண்டு முறை விசாரித்தால் இரண்டு சாட்சி ஆகாது. வேறு முறை வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

உபயோகப்படும் ஒரு சூழ்நிலை உண்டு. உண்மையிலேயே புதிதாகத் தொற்றியிருந்தால் எண் வாரங்கள் போகப் போக ஏறும். தொற்றி 12 வாரம் ஆகும்போது பெரும்பாலோருக்கு ஆன்டிபாடி தெளிவாகத் தெரிந்துவிடும். ஆக, கடைசியாகத் தொற்ற வாய்ப்பிருந்த நாளிலிருந்து 12 வாரம் கழித்தும் எண் நகராமல் 1.6லேயே குந்தியிருந்தால் புதுத் தொற்று என்ற கதை அடிபட்டுப்போகும். பழைய உண்மையான தொற்றா என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருக்கும், அதை வெஸ்டர்ன் ப்ளாட்தான் தீர்க்கும். நடுவில் யாராவது முன்னெச்சரிக்கை என்று ஆசைக்ளோவிர் என்ற ஹெர்பீஸ் மருந்தைக் கொடுத்திருந்தால் ஆன்டிபாடி எழுவது தள்ளிப்போகலாம், அதையும் சொல்ல வேண்டும்.

தூக்கமில்லாதவன்

எங்கள் விஷயத்தில் "கடைசி வாய்ப்பு" என்பது கல்யாணத்துக்கு முந்தைய கதை. 12 வாரமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. ஐஜிஎம் பிரச்சினையும் போய்விட்டதால் மிச்சம் இருப்பது பழையதா, பொய்யா என்பதுதான். நேற்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் படித்தோம். எண்ணும்எழுத்தும் போட்ட கணக்கை அவள் ஒரு தாளில் தானே போட்டுப் பார்த்தாள் (அவள் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவள், பிறர் கூட்டலை நம்ப மாட்டாள்). "18 பொய்க்கு 5 உண்மை என்றால் இதை எதற்கு விற்கிறார்கள்?" என்றாள். அது எனக்குக் கிடைத்த முதல் முழு வாக்கியம்.

வெஸ்டர்ன் ப்ளாட்டுக்கு சாம்பிள் அனுப்ப முடியுமா என்று விசாரிக்கப் போகிறேன். முடியாவிட்டால்?

தோல்வைத்தியர்

முடியாவிட்டால், "உறுதி செய்யப்படாத லோ-பாசிட்டிவ்" என்று உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். "ஹெர்பீஸ் நோயாளி" என்று எழுத விடாதீர்கள், பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது கூடவே வரும். மருந்து எதுவும் வேண்டாம். பிறப்புறுப்பு, பிட்டம், தொடைப் பக்கம் எப்போதாவது கொப்புளம், வெடிப்பு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் எரிச்சல் என்று தோன்றினால் உடனே வாருங்கள். அந்த ஒரு ஸ்வாப் இந்த ரிப்போர்ட்டைவிட அதிகம் பெறும்.

அனுப்ப முடிந்தால், முதல் ரிப்போர்ட்டின் இன்டெக்ஸ் எண்ணும் கிட்டின் பெயரும் கையில் இருக்கட்டும். பல லேப்கள் எண்ணைப் போடாமல் "பாசிட்டிவ்" என்று மட்டும் கொடுக்கும். கேட்டால் தருவார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

புதுவரவு22

வணக்கம், இழை முழுக்கப் படித்தேன். எனக்கு முந்தாநாள் காலையிலிருந்து கீழே சின்னச் சின்னதாய் மூன்று நான்கு கொப்புளம், பக்கத்தில் நெறிகட்டி இருக்கிறது, லேசாகக் காய்ச்சல். நாளை மறுநாள் ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டுக்கும் ரத்தம் கொடுக்க நேரம் வாங்கியிருக்கிறேன். 3க்கு மேல் வந்தால் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

தோல்வைத்தியர்

ரத்தத்தை விடுங்கள். புதிதாக வந்திருந்தால் இப்போது ஆன்டிபாடியே இருக்காது, நெகட்டிவ் வந்து உங்களை ஏமாற்றும். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டுவதற்குள் பிசிஆர் ஸ்வாப் எடுக்க வேண்டும், வகையும் அதிலேயே தெரிந்துவிடும். இன்றைக்கே போங்கள். களிம்பு எதுவும் தடவாதீர்கள், கொப்புளத்தை நீங்களாக உடைக்காதீர்கள். ஸ்வாப் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திருக்காமல் மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்வார்கள், ஆரம்பியுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தலைவலி, கழுத்து இறுக்கம், சிறுநீர் போக முடியாமை இருந்தாலோ அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

புதுவரவு22

களிம்பு காலையில் தடவிவிட்டேனே.

லேப்கோட்டு

பரவாயில்லை, ஸ்வாப் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள், துடைத்துவிட்டு எடுப்பார். எடுக்கும்போது கொப்புளத்தைத் திறந்து அடித்தளத்தில் தேய்த்து எடுக்க வேண்டும், மேலாக ஒற்றினால் போதாது. கொஞ்சம் வலிக்கும். கிளம்புங்கள்.